லோகேஸ்வரியின் ஆஸ்டர்

ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு, ஒரே விமானத்துக்கு, ஜீவன் இரண்டு பேரிடம் சரி சொல்லியிருந்தான்.

முதலில் மாமியார் அமுதவள்ளியிடம். கிள்ளானிலிருந்து போன் வந்தது.

"மாப்ள, அவ செஞ்ச ஏரோப்ளேன இங்க கொண்டாந்துடுங்க. ஹால்ல மாட்டிடுவோம். அவ படத்துக்கு நேரா. மாமா சீலிங்ல கொக்கி போட்டுட்டாரு. ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்கேயே சாப்புடுங்க."

சரி என்றான்.

அடுத்து சுகுமாறனிடம். பூச்சோங்கில் ஏர்கோன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். ரிமோட் விமானம் விடுகிறவர்களின் கிளப்புக்கு அவன்தான் செயலாளர். வருஷத்தில் ஒரு நாள், நிஜ விமானத்தின் அச்சாகச் செய்தவற்றை மட்டும் அங்கே பறக்க விடுவார்கள்.

"ப்ரோ, வர்ற ஞாயிறு ஸ்கேல் டே. லோகா அந்த ஆஸ்டர இந்த வருஷம் பறக்க விடுறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்துச்சி. கொண்டா லா. நம்ம விடுவோம்."

அதற்கும் சரி என்றான். போனை வைத்த பிறகுதான் இரண்டும் ஒரே நாள் என்பது உறைத்தது.

அவன் மனைவி லோகேஸ்வரி ஷா ஆலாம் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் வருஷம் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஜீவன் யார் எது கேட்டாலும் சரி என்றே சொல்லிவந்தான். பங்சார் ஆபீசில் அவன் மேசையைக் கழிவறைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். சரி. கீழ்வீட்டுக்காரர் அவன் பார்க்கிங்கில் தன் வேனை நிறுத்திக்கொண்டார். சரி. மறுத்துப் பேச ஒரு விருப்பம் வேண்டும். அது அவனிடம் இல்லை.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி இருந்தது. காலையில் பறக்க விடுவது. மதியம் கிள்ளானில் மாட்டுவது. விமானம் முழுசாகத் திரும்பி வந்தால் இரண்டு பேருக்கும் சொன்ன சொல் நிற்கும். வராவிட்டால் கிள்ளான் வீட்டில் வெறும் கொக்கி தொங்கும். அவள் கையால் செய்த கடைசிப் பொருள் அது.

ஆஸ்டர் என்பது அந்தக் காலத்துச் சின்ன விமானம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது காட்டுக்கு மேல் தாழப் பறந்து வேவு பார்த்தது. இறக்கை கூரை மாதிரி தலைக்கு மேல் இருக்கும். மூக்கு மொட்டை. வேகமும் கிடையாது, அழகும் கிடையாது. லோகேஸ்வரிக்கு அதன் முகம் பிடித்திருந்தது.

"கல்யாண வீட்ல கோவிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கிற பெரியப்பா மாதிரி இல்ல?" என்பாள்.

பால்சா என்கிற லேசான கட்டையை விலா விலாவாக அறுத்து ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்திருந்தாள். நிஜ விமானத்தில் ஆறில் ஒரு பங்கு. நிஜ ஆஸ்டரில் துணியை ஒவ்வொரு விலாவோடும் நூல் போட்டுத் தைத்திருப்பார்கள். அந்தத் தையலைக்கூட அவள் விடவில்லை. பசையில் தோய்த்த நூலை முடிச்சு முடிச்சாக ஒட்டி, அதன் மேல் சாயம் அடித்திருந்தாள். நாலடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது.

"தெரியாததுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?" என்று ஜீவன் கேட்டிருக்கிறான்.

"எனக்குத் தெரியும்ல."

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் விமானம் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது. இரண்டு இறக்கைகளும் அலமாரி மேல். ஜீவன் இத்தனை மாதமும் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். மேசையை ஒழிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கீழே ரயில் போகும்போதெல்லாம் விமானத்தின் வால் லேசாக நடுங்கும். அவன் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவான்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து இறக்கைகளைக் கீழே இறக்கினான். கோலாலம்பூர் காற்றில் ஈரம் அதிகம். துணி தொய்ந்து, விலாக்களுக்கு நடுவே சுருக்கம் விழுந்திருந்தது. சூடு காட்டினால் இறுகிவிடும். அதற்கென்றே லோகேஸ்வரி ஒரு குட்டி இஸ்திரிப்பெட்டி வைத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும். அதை எடுத்தான். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இறக்கை விமானத்தை ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. மறுபடி மேலே. மறுபடி கீழே.

பெட்டியின் ஓரம் தன் இடது கட்டைவிரலில் பட்டுக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். விரலை நகர்த்திக்கொண்டான். வேலையைத் தொடர்ந்தான். காலையில் பார்த்தபோது கொப்புளம் இருந்தது.

இறக்கைகளை முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். நூல் பிடித்த மாதிரி இருந்தன. இரண்டையும் உடலில் மாட்டி, மூக்கில் பேட்டரியை வைத்து, இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரலால் தூக்கினான். மூக்கு லேசாகத் தணிந்து நின்றது. அதுதான் சரியான நிலை. ஈயத்துண்டு எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் எடையை முன்பே கணக்குப் பண்ணி வைத்திருந்தாள்.

மிச்சம் இருந்தது ரிமோட்.

அதில்தான் சிக்கல். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் லோகேஸ்வரியின் ரிமோட்டுக்கு மட்டும்தான் பணியும். ஜீவனுடையது வேறு கம்பெனி ரிமோட். ரிசீவரை மாற்றலாம் என்றால், அதை அவள் விமானத்தின் வயிற்றுக்குள் வைத்துத் துணியால் மூடிவிட்டாள். வெட்டித் திறக்க வேண்டும். சரி, அவள் ரிமோட்டிலேயே ஓட்டலாம் என்றால், அவள் கைவழக்கம் வேறு, அவன் கைவழக்கம் வேறு. ஜீவனுக்கு இடது கைக் குச்சி மோட்டார் வேகத்துக்கு, வலது கைக் குச்சி மூக்கை ஏற்றி இறக்க. லோகேஸ்வரி வேலை பார்த்தது ஜப்பான்காரர்களின் தொழிற்சாலை. விமானம் ஓட்ட அங்கேதான் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இது அப்படியே தலைகீழ். அந்த ரிமோட்டை எடுத்து, ஆபத்து நேரத்தில் ஜீவன் பழக்கத்தில் இடது குச்சியைத் தள்ளி வேகம் கொடுத்தால், விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு தரைக்குப் போகும்.

"ஜாதகம் பாத்தாங்க, நட்சத்திரம் பாத்தாங்க" என்று லோகேஸ்வரி கிளப்பில் எல்லோரிடமும் சொல்லுவாள். "இந்த ஆளு எந்தக் கையில த்ராட்டில் புடிப்பாருன்னு மட்டும் யாரும் பாக்கல."

ரிமோட்டின் முதுகைத் திறந்து ஒரு ஸ்பிரிங்கை இடம் மாற்றினால் அவன் வழக்கத்துக்கு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வேலை. ஆனால் ரிமோட் கிள்ளானில் இருந்தது. காரியம் முடிந்த கையோடு அமுதவள்ளி எடுத்துப் போய்விட்டாள். கேட்டபோது, வழக்கம்போல, சரி என்றிருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளானுக்குப் போனான்.

மாமனார் தம்புசாமி ஹாலில் ஏணி மேல் நின்று கொக்கியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துக்கொண்டிருந்தார். "ஆட்டுக்குட்டிய மாட்டுனாலும் தாங்கும் மாப்ள" என்றார். கொக்கிக்கு நேர் கீழே லோகேஸ்வரி படம். மாலை. படத்துக்கு முன்னால் மாடத்தில் அவளுடைய ரிமோட். அதன் நெற்றியிலும் ஒரு குங்குமப் பொட்டு.

அமுதவள்ளி வந்து பக்கத்திலிருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். தீக்குச்சியை உதறி அணைத்தாள். திரும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். கும்பிடவில்லை. மகள் போனதிலிருந்து இப்படித்தான். கோயிலுக்கும் போவதில்லை. கேட்ட சொந்தக்காரர்களிடம், "எம்புள்ளைய எடுத்துக்கிட்டவனுக்கு வெளக்கு உண்டு, கும்புடு கெடையாது" என்று சொல்லிவிட்டாள்.

காப்பியோடு வந்தவளிடம் ஜீவன் சொன்னான்.

"அத்தை, ரிமோட் வேணும்."

"எதுக்கு?"

"நாளைக்குக் காலைல ப்ளேன பறக்க விடணும். கிளப்ல கேட்டாங்க. முடிச்சிட்டு நேரா இங்க கொண்டாந்துடுறேன்."

மறைத்திருக்கலாம். மறைக்கவும் ஒரு விருப்பம் வேண்டும்.

"பறக்க விட்டு ஒடஞ்சிட்டா?"

"ஒடையலாம்."

"ஒடையலாமா? என்னா மாப்ள, பசியாறியாச்சான்னு கேக்கிற மாதிரி சொல்றீங்க!"

தம்புசாமி ஏணியிலிருந்தே கேட்டார். "அப்ப இந்தக் கொக்கி?"

"நீங்க ஒங்க கொக்கியிலயே இருங்க" என்றாள் அமுதவள்ளி. ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தன வாட்டி கூப்ட்டா. வாம்மா, ஒரே ஒரு தடவ வந்து பாரும்மான்னு. ஞாயித்துக்கெழம கோயிலு, ஒனக்கென்ன சின்னப்புள்ள வெளையாட்டுன்னு நாந்தான் போவல."

ஜீவன் காப்பியைக் குடித்தான்.

"இத வெச்சித்தான் ஓட்டுவாளா?"

"ஆமா. ஆனா எனக்கு அது கை வராது. தொறந்து ஒரு ஸ்பிரிங்க மாத்தணும்."

"தொறக்கிறதா?" ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அவ எப்படி வெச்சிட்டுப் போனாளோ அப்படியே இருக்கட்டும். ஒரு ஆணிய கழட்டக்கூடாது. இத நான் யாரு கையிலயும் குடுக்கமாட்டேன்."

"சரி அத்தை."

"நான் கொண்டாறேன். என் கையிலதான் இருக்கும். அப்படி முடியும்னா பறக்க விடுங்க. முடியலன்னா அவரு கொக்கியில மாட்டுங்க."

அதற்கும் சரி என்றான். வாசலில் நின்று சுகுமாறனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

சுகுமாறன் சிரித்தான். பிறகு, "முடியும் ப்ரோ" என்றான். "புதுசா கத்துக்கிறவங்களுக்கு மாட்டுற ட்ரெய்னர் ஒயர் என்கிட்ட இருக்கு. வேற கம்பெனியா இருந்தாலும் ஒன் ரிமோட்டையும் அந்த ரிமோட்டையும் ஒயர்ல கோத்துடுவோம். ஆன்டி கையில அது, ஒன் கையில இது. ஆன்டி ரிமோட்ல ஒரு சுவிட்ச் இருக்கு. அத இழுத்துப் புடிச்சிருக்கிற வரைக்கும் ஒன் ரிமோட்டுதான் ஓட்டும்."

திடல் காப்பாரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவில் புல் வெட்டிய ஒரு நீளத் துண்டு. அதன் முடிவில் ஆள் உயர லாலாங் புல். காலை வெயில் ஏறுவதற்குள்ளேயே கூடாரங்களுக்கு அடியில் விமானங்கள் வரிசை கட்டிவிட்டன. ஜீவன் ஆஸ்டரை வெளியே எடுத்து இறக்கைகளைப் பூட்டியதும் கூட்டம் கூடியது. இரண்டு பேர் குனிந்து நூல் முடிச்சுகளைப் பார்த்தார்கள். ஒரு சீன அங்கிள் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"லோகா புன்யா லீமாவ் மானா?"

எலுமிச்சம்பழத்தைக் கேட்கிறார். புது விமானம் முதல் தடவை கிளம்பும்போது, புதுக் காருக்குச் செய்வதுபோல, சக்கரத்துக்கடியில் பழம் வைத்து நசுக்குவது லோகேஸ்வரி கிளப்பில் கொண்டுவந்த பழக்கம். முதலில் சிரித்தவர்கள் பிறகு தங்கள் விமானங்களுக்கும் அவளையே வைக்கச் சொன்னார்கள். மலாய்க்கார அங்கிள், சீன அங்கிள் எல்லாரும்தான். ஜீவனுக்கு அது நினைவிலேயே இல்லை.

தம்புசாமி பெருமையாகச் சட்டைப்பையிலிருந்து இரண்டு பழங்களை எடுத்தார். "அதெல்லாம் நான் மறப்பனா?"

முன்சக்கரங்கள் இரண்டின் கீழும் வைத்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. விமானம் பின்னால் சாய்ந்து வாலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது.

"அங்கிள், இது லோரிக்கு வெக்கிற சைஸ் லா!" என்றான் சுகுமாறன். "லோகா லீமாவ் கஸ்தூரிதான் வெக்கும்." தான் குடித்துக்கொண்டிருந்த ஐஸ் லீமாவ் பொட்டலத்துக்குள் இரண்டு விரலை விட்டு, பிழிந்து போட்டிருந்த குட்டி எலுமிச்சைகளை வெளியே எடுத்தான். "இந்தாங்க. ஏற்கெனவே பாதி நசுங்கிடுச்சி. வேல மிச்சம்."

தம்புசாமி அவற்றைத் துண்டால் துடைத்து வைத்தார். பிறகு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "டிரைவரு எங்க?"

ஓட்டுநர் சீட் காலி. பொம்மையைக் கடைசியாகச் செய்து வைப்பதாக லோகேஸ்வரி சொல்லியிருந்தாள்.

"இல்ல மாமா" என்றான் ஜீவன்.

அமுதவள்ளி காரிலிருந்து இறங்கியதிலிருந்தே ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. சுகுமாறன் அதன் வாரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, கறுப்பு ஒயரின் ஒரு முனையை அதில் செருகினான். மறுமுனையை ஜீவனின் ரிமோட்டில். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"ஆன்டி, நான் வேணா புடிச்சிக்கவா?"

"வேணாம்ப்பா. எனக்கு சொல்லிக் குடு."

"இந்த சுவிட்ச ஒங்க பக்கம் இழுத்துப் புடிங்க. விரல எடுத்தா அதுவே திரும்பிக்கும். புடிச்சிருந்தீங்கன்னா ஜீவன் ஓட்டுவான். விட்டீங்கன்னா ப்ளேன் இந்த ரிமோட்டுக்கு வந்துடும். இந்த ரிமோட்ல யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா?"

சுகுமாறன் தடுமாறினான். "மோட்டர் நின்னுடும் ஆன்டி."

அவள் தலையாட்டினாள். விரலால் இழுத்துப் பிடித்தாள். நகம் வெளுத்தது.

ஜீவன் குச்சிகளை அசைத்துப் பார்த்தான். வால் ஏறியது, இறங்கியது. இறக்கை மடல்கள் இடம், வலம். எல்லாம் சரியான பக்கம்தான் திரும்பின. விரலை விடச் சொன்னான். விட்டாள். எல்லாம் நடுவுக்கு வந்து நின்றது. மறுபடி பிடிக்கச் சொன்னான். பிடித்தாள்.

"போவலாமா அத்தை?"

"ம்."

இடது குச்சியை மெல்ல ஏற்றினான். ஆஸ்டர் லீமாவை நசுக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச தூரத்தில் வால் தூக்கியது. பிறகு தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள். ஜீவனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. வேகம் போதுமா, மூக்கு அதிகமாக ஏறுகிறதா, காற்று எந்தப் பக்கம் என்பதை மட்டும் பார்த்தான். விமானம் லாலாங்குக்கு மேல் ஏறியது. செம்பனை மரங்களின் உயரத்தைத் தாண்டியது. வெயில் பட்டதும் இறக்கையின் துணிக்குள் விலாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"ஐயோ, ஏங்கண்ணு" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

மோட்டார் நின்றது.

ஜீவன் குச்சியைத் தள்ளினான். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். ரிமோட் அமுதவள்ளியின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் வானத்தில் இருந்தது. தான் கும்பிடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

"ஆன்டி! சுவிட்ச்! சுவிட்ச்!" சுகுமாறன் கத்தினான். அவள் காதில் விழவில்லை. அவன் தொங்கிய ரிமோட்டை நோக்கிப் பாய்ந்தான்.

"விடு" என்றான் ஜீவன்.

"டேய், விழப் போவுதுடா!"

"விடு சுகு."

ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கண் விமானத்தில் இருந்தது. மோட்டார் நின்றதும் மூக்கு தணிந்தது. கொஞ்சம் விழுந்தது. விழுந்த வேகத்தில் இறக்கை காற்றைப் பிடித்தது. மூக்கு தானாக நிமிர்ந்தது. பிறகு ஆஸ்டர் சத்தமில்லாமல், இடமும் சாயாமல், வலமும் சாயாமல், நேராகப் போனது. காற்று ஒரு தடவை இடது இறக்கையைத் தூக்கிப் பார்த்தது. விமானம் ஆடி, தானே சமனாகிக்கொண்டது. யார் கையிலும் அது இல்லை. இறக்கைக் கம்பிகளில் காற்று உரசும் ஓசைகூடக் கேட்டது.

அப்படியே தாழ்ந்து தாழ்ந்து, புல் வெட்டிய துண்டின் முடிவைக் கடந்து, லாலாங் புல்லுக்குள் இறங்கியது. புல் அசைந்தது. பிறகு நின்றது.

ஜீவன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓடினான். கடைசியாக எப்போது ஓடினான் என்று நினைவில்லை. லாலாங்கைக் கையால் விலக்கி விலக்கி உள்ளே போனான். விமானம் புல் மெத்தை மேல் வயிற்றைக் கொடுத்துப் படுத்திருந்தது. புரொப்பெல்லர் ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஒரு சக்கரத்தின் கால் வளைந்திருந்தது. வலது இறக்கைத் துணியில் ஒரு நீளக் கிழிசல். விலாக்களைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் உடையவில்லை.

பின்னால் புல் சரசரத்தது. அமுதவள்ளி வந்துகொண்டிருந்தாள். முடி கலைந்திருந்தது. ரிமோட் கழுத்தில் ஆட, ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. விமானத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வுட்டுட்டேன் மாப்ள. புடிச்சிக்கிட்டே இருன்னு அந்தத் தம்பி சொல்லுச்சி. நானே ஒடச்சிட்டேன்."

"ஒடையல அத்தை. புரொப்பெல்லரு ஒண்ணு. அது கடையில வாங்கலாம்."

"பொய் சொல்லாதீங்க."

"பாருங்க."

அவள் இறக்கையைத் தொட்டாள். ஒரு நூல் முடிச்சின் மேல் விரல் நின்றது. அதற்கு அடுத்த முடிச்சு. அடுத்தது. "இது என்னா, தையலா?"

"தையல் மாதிரி. அவ ஒட்டுனது."

"கிட்ட வந்தாத்தான் தெரியுது."

"ஆமா."

முடிச்சிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டாள். "நான் கைய எடுத்த பொறவும் போச்சே. நேரா போச்சே. அப்ப யாரு ஓட்டுனது?"

"யாரும் இல்ல."

"அவதான்னு சொல்லுங்க."

ஜீவன் வாலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான்.

"சொல்லுங்க மாப்ள. அவதான் ஓட்டுனான்னு சொல்லுங்க. எனக்குப் போதும்."

சரி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை மாதத்தில் எத்தனை பேருக்கோ சொன்ன சொல். இவளுக்கு இதைச் சொல்வதால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் அது வெளியே வரவில்லை.

"இல்ல அத்தை" என்றான். "அவ ஓட்டல. அவ நேரா செஞ்சிருக்கா. அதான் நேரா போச்சி."

அமுதவள்ளி அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுலயும் கோணலா செய்யமாட்டா" என்றாள். "ஸ்கூல் நோட்டுக்கு அட்ட போட்டாக்கூட ஸ்கேல் வெச்சித்தான் மடிப்பா." அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமாக, வாயைப் பொத்திக்கொள்ளாமல். ஜீவன் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அழுகை வரவில்லை. ஆனால் உள்ளங்கையில் ஏதோ எரிந்தது. விரித்துப் பார்த்தான். லாலாங் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தது. கொப்புளத்தையும் கிழித்திருந்தது. நன்றாகவே எரிந்தது.

உடலை அவனும், இறக்கைகளைச் சுகுமாறனும் தூக்கி வந்தார்கள். தம்புசாமி மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். விமானத்தைச் சுற்றி வந்தார்.

"இந்த மட்டும் தப்பிச்சிச்சே. வாங்க, சோறு ஆறிடும். போயி மாட்டிடுவோம். கிழிஞ்ச பக்கத்த செவுத்துப் பக்கமா திருப்பிட்டா தெரியாது."

"வேணாம் மாமா" என்றான் ஜீவன்.

தம்புசாமிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. ஜீவனுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சொன்னான். "மாட்ட வேணாம். சரி பண்ணி மறுபடி விடணும்."

"அப்ப என் கொக்கி?"

"பூச்சட்டி மாட்டுங்க" என்றாள் அமுதவள்ளி. "ஆட்டுக்குட்டி தாங்கும்னீங்கள்ல, பூச்சட்டி தாங்காதா?"

சுகுமாறன் ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தான். "அடுத்த தடவ ஆன்டி விரல டேப்பு போட்டுச் சுத்திடுவோம் ப்ரோ."

"ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள். "இந்தத் தடவதான் பழக்கமில்ல."

சாப்பாட்டுக்காகக் கிள்ளானுக்குக் கிளம்பினார்கள். தம்புசாமி தன் காரில் முன்னால் போனார். அமுதவள்ளி ஜீவனின் மைவி காரில் ஏறினாள். கிழிந்த இறக்கையைப் பின்னால் வைக்கவிடாமல் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். முனை ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. மேரு சிக்னலில் நின்றபோது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் அதையே பார்த்தான்.

"இந்தக் கிழிசல எப்படி ஒட்டுறது?"

"அதே துணியில ஒரு துண்டு வெட்டி வெக்கணும். மேல இஸ்திரி போட்டா ஒட்டிக்கும்."

"துணி இருக்கா?"

"அவ அலமாரில மிச்சம் இருக்கு."

"இஸ்திரி எனக்குப் போடத் தெரியும்" என்றாள் அமுதவள்ளி.

"சூடு கொறச்சி வெக்கணும் அத்தை" என்றான் ஜீவன். "மேல ஒரு இழுப்பு இழுத்தா, கீழயும் ஒரு இழுப்பு இழுக்கணும்."